பிடிச்ச மீனைத் திருப்பி விட்ட சனிக்கிழமை

லண்டனில பெரிய காத்தடிச்சு மரமெல்லாம் வேரோட சாஞ்சுதே, எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில, அதுக்கு அடுத்த வருசம் துவங்கின கதை இது. அந்தக் காத்து எனக்கு ஏன் ஞாபகமெண்டால், அதே மாசத்திலதான் ஊரில இந்தியன் ஆமியோட சண்டை துவங்கினது. யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தால் கிடைக்காது. விடிய எழும்பிப் பாக்கிறன், வடக்கு லண்டன் எட்மண்டனில எங்கட றோட்டில ஒரு பெரிய மரம் ஒரு காருக்கு மேல படுத்துக் கிடக்குது. மனுசி யன்னலால எட்டிப் பாத்துப்போட்டு, "இஞ்சையும் ஷெல் அடிச்சிட்டாங்களோ" எண்டு கேட்டா. பகிடிக்குக் கேக்கேல்லை. உண்மையாத்தான் கேட்டவ. அந்த நேரம் எங்கட வீட்டில இருந்த மனநிலை அது. அதை நீங்கள் ஞாபகம் வைச்சுக்கொள்ளோணும், ஏனெண்டால் பிறகு அவ சொன்ன சில கதையளுக்கு அதுதான் காரணம்.

நான் படிச்சவனில்லை. மூண்டாம் வகுப்போட நிண்டிட்டன். ஊரில லொறி ஓடினனான். எண்பத்துநாலில இஞ்சை வந்து, ரெண்டு வருசத்தால மனுசியையும் பிள்ளையையும் எடுப்பிச்சன். ஒரேயொரு பிள்ளை, பொம்பிளைப் பிள்ளை. திங்கள் துவக்கம் வெள்ளி வரைக்கும் பாண் பேக்டரியில வேலை. சனிக்கிழமை காலமையில ஒரு சேர்ச்சின்ர மண்டபத்தைப் பாக்கிற வேலை. திறப்பு என்னட்டை. போய்த் திறந்து, ஹீட்டரைப் போட்டு, கதிரை விரிச்சு, தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைச்சு, எல்லாரும் போன பிறகு கூட்டித் துடைச்சுப் பூட்டோணும். அந்தக் கதிரையள் இரும்புக் கதிரை, மடக்கிறது. கவனமில்லாமல் மடக்கினால் விரலைக் கவ்வும். இந்தா, இந்த நகம் இப்பவும் கோணலாத்தான் வளருது. ஹீட்டரும் அப்பிடித்தான், காலால ஒரு உதை குடுத்தால்தான் பத்தும்.

சேர்ச்சுக்கு வாறது முக்கால்வாசி அயர்லாந்துச் சனம். கட்டட வேலை செய்யிற ஆம்பிளையள், ஆஸ்பத்திரியில வேலை செய்யிற பொம்பிளையள். சனிக்கிழமையில முன்பக்கம் சின்னப் பிள்ளையளுக்கு டான்ஸ் வகுப்பு நடக்கும். சப்பாத்துச் சத்தத்தில கூரை ஆடும். பின்னறையில பெரிய பிள்ளையளுக்கு ஐரிஷ் பாஷை படிப்பிக்கிற வகுப்பு. பதினொரு பிள்ளையள், பதின்மூண்டு வயசிலயிருந்து பதினாறு மட்டும். எல்லாம் லண்டனில பிறந்ததுகள், வாயைத் திறந்தால் இங்கிலிஸ். தாய்தேப்பன் பிடிச்சுத் தள்ளி விட வந்து, பல்லுப் பிடுங்கப் போறமாதிரி முகத்தோட இருக்குங்கள். பாத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில எங்கட பிள்ளையள் இருக்கிற அதே முகம்.

படிப்பிக்கிற மனுசி வேலையில பிள்ளைப்பேறு பாக்கிற மிட்வைப். அயர்லாந்தில மேற்குக் கடற்கரைப் பக்கம். தலை முழுக்க வெள்ளை. மழையெண்டாலும் சைக்கிளிலதான் வருவா. நாங்கள் டீச்சர் எண்டுதான் சொல்லுவம். அவவிட்டைப் புத்தகம் இல்லை. இருந்தது ஒரு மண்போத்தல், முட்டை அவிக்கேக்கை நேரம் பாக்கிறதுக்கு வைச்சிருப்பாங்களே, மேல இருந்து கீழ மண் விழுற சின்னக் கண்ணாடி. மூண்டு நிமிசத்துக்கு விழும். ஒரு பிள்ளையை முன்னுக்குக் கூப்பிட்டு நிப்பாட்டி, மண்போத்தலைக் கவுட்டு வைச்சுப்போட்டு, ஒரு கேள்வி கேப்பா. எல்லாச் சனிக்கிழமையும் அதே கேள்வி. போன கிழமை உன்ர சொந்த நேரத்தில என்ன செய்தாய்? மண் முடியுமட்டும் ஐரிஷில கதைக்கோணும். நடந்ததைத்தான் சொல்லோணும், பொய் சொல்லப்படாது. பிழையாக் கதைச்சாலும் மண் முடியுமட்டும் ஒருத்தரும் திருத்தப்படாது. டீச்சரும் வாய் திறக்கமாட்டா. அவ்வளவுதான் அவவின்ர படிப்பு.

என்ர மகள் இதுக்கை எப்பிடி வந்தவள் எண்டு கேப்பியள். மனுசிக்கு சனிக்கிழமையில ஆஸ்பத்திரி லோண்டரியில ஷிப்ட். பதினாலு வயசுப் பெட்டையை வீட்டில தனிய விட எங்களுக்கு மனமில்லை. அதால என்னோட மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போவன். அவள் பின்னறையில கடைசி வாங்கில இருந்து கணக்குச் செய்துகொண்டிருப்பாள். அவளோட பள்ளிக்கூடத்தில படிக்கிற ஒரு செம்பட்டைத் தலைப் பெட்டை அந்த வகுப்பில இருந்தவள். ரெண்டும் கண்ணால கதைக்கிறதை டீச்சர் கண்டிட்டா. "என்ர வகுப்பில பாத்துக்கொண்டிருக்கிற ஆக்கள் இல்லை. கதைக்கிற ஆக்கள் மட்டும்தான்" எண்டு சொல்லி முன் வாங்கில கொண்டுவந்து இருத்தினா. நான் வாசலில கூட்டுற தும்புத்தடியோட நிண்டனான். என்னைப் பாத்து, "உங்களுக்கு ஓமோ?" எண்டு கேட்டா. எனக்கு என்ன கேள்வியெண்டே விளங்கேல்லை. ஓமெண்டு தலையை ஆட்டிப்போட்டன்.

அப்பிடித்தான் துவங்கினது. ஒரு வருசத்துக்குள்ள என்ர பிள்ளை அந்தப் பிள்ளையளிலும் பாக்க வேகமாப் பிடிச்சிட்டாள். ஒரு பாஷையை விட்டு இன்னொரு பாஷைக்கு வந்த பிள்ளைக்கு மூண்டாவது பெரிய பயமில்லையாக்கும்.

மனுசியின்ர தம்பி, என்ர மச்சான், ஞாயிற்றுக்கிழமையில சாப்பிட வருவான். அவனுக்கு இது நல்ல பகிடியாப் போச்சு.

"என்ன அத்தான், ஐரிஷ் படிச்சு எங்கை டொக்டரா வாறது?"

"அயர்லாந்தில."

"அங்கையும் இங்கிலிஸில தானே இருமுறாங்கள்."

அவன் சொன்னால் மனுசி சிரிப்பா. நானும் சிரிப்பன். ஆனால் பிள்ளை சிரிக்கமாட்டாள்.

அவள் சிரிக்காததுக்குக் காரணம் இருந்தது. வாற கோடையில, டீச்சரின்ர ஊர்ப் பக்கத்தில, வீடுகளில ஐரிஷே கதைக்கிற சனத்தோட மூண்டு கிழமை போய் இருக்கிறதுக்கு வகுப்புப் பிள்ளையளை அனுப்பப் போயினம். செலவு சேர்ச்சின்ர பொறுப்பு. ஆனால் எல்லாருக்கும் இடமில்லை. ஆனி மாசம் அங்கையிருந்து ஒரு மனுசன் வந்து ஒவ்வொரு பிள்ளையோடும் கதைச்சுப் பாத்துத்தான் எடுப்பார். பேப்பரில்லை, பேனையில்லை. அதே கேள்விதான், போன கிழமைக்குப் பதிலாப் போன ஒரு வருசத்தில எந்த நாளையும் சொல்லலாம், ஆனால் மண்போத்தலை ரெண்டுதரம் கவுப்பினம். என்ர பிள்ளை இஞ்சை வந்த நாள் துவக்கம் ஒண்டும் கேட்டதில்லை. சப்பாத்துக் கிழிஞ்சால் கூடக் கேக்கமாட்டாள், நான்தான் கண்டு வேண்டிக் குடுப்பன். அவள் பஸ்ஸில வரேக்கை கையைப் பிடிச்சு, "அப்பா, எனக்கு அங்கை போகோணும்" எண்டு கேட்டாள். நான் அப்பவே முடிவெடுத்திட்டன். இது நடக்கோணும்.

பிரச்சினை என்னெண்டால், அவளுக்கு பாஷை வந்தது, சொல்ல ஒண்டும் இருக்கேல்லை.

மற்றப் பிள்ளையள் சொல்லுறதை மகள் பஸ்ஸில வரேக்கை எனக்குச் சொல்லுவாள். அதுகள் எழும்பினால் ஒருத்தன் சைக்கிளிலயிருந்து விழுந்ததைச் சொல்லுவான். இன்னொருத்தி படம் பாக்கப்போய் சிரிச்சுக் குழப்பினதுக்கு வெளியில துரத்தி விட்டதைச் சொல்லுவாள். ஒருத்தன் தமையனோட சேந்து மேளம் அடிச்சு பக்கத்து வீட்டுக்காரன் பொலிசுக்குப் போன் அடிச்ச கதை. மண் முடிஞ்ச பிறகும் நிப்பாட்டமாட்டாங்கள். என்ர பிள்ளை எழும்புவாள். பத்துச் செக்கன் கதைப்பாள், நிப்பாள். மண் விழுந்துகொண்டே இருக்கும். டீச்சர் பேசாமல் இருப்பா. பதினொரு பிள்ளையளும் மண்ணைப் பாக்குங்கள். நான் வாசலில நிண்டு பாப்பன், அந்த மூண்டு நிமிசம் எனக்கு ஒரு ஷிப்ட் மாதிரி.

"என்ன பிள்ளை சொன்னனி?" எண்டு பஸ்ஸில கேட்டன்.

"படிச்சன். ரியூசனுக்குப் போனன். கோயிலுக்குப் போனன்."

"அதுக்கு முதல் கிழமை?"

"அதேதான் அப்பா."

ஒரு நாள் வகுப்பு முடிய டீச்சர் என்னட்டை வந்து, ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாச் சொன்னா. உங்கட மகளுக்குப் பாஷை இருக்கு. சொந்த நேரம் இல்லை. நான் பாஷை குடுப்பன், மற்றதை நீங்கள்தான் குடுக்கோணும்.

வீட்டை வந்து மனுசிக்குச் சொன்னன். மனுசி யோசிச்சா. மச்சானும் இருந்தவன், அவனும் யோசிச்சான். மூண்டு பேரும் சேந்து யோசிச்சு என்ன செய்தம் தெரியுமோ? பிள்ளையை நீச்சல் வகுப்பில கொண்டுபோய்ச் சேத்தம். புதன்கிழமை பின்னேரம். அதோட வீணை வகுப்பும், வெள்ளிக்கிழமை. எங்களுக்கு அப்ப அதுதான் விளங்கினது. பிள்ளைக்கு ஒரு குறையெண்டால் ஒரு வகுப்பில சேக்கிறது.

அடுத்த சனிக்கிழமை பிள்ளை எழும்பி நீச்சலைச் சொன்னாள், வீணையைச் சொன்னாள். டீச்சர் மண் முடியுமட்டும் பொறுத்திருந்தா. பிறகு இங்கிலிஸில கேட்டா, "நீயா விரும்பிப் போனியோ?"

"இல்லை. அம்மா விட்டவ."

"அங்கை பிழை விட்டால் பேசுவினமோ?"

"ஓம்."

"அப்ப அது ரியூசன். தண்ணிக்குள்ள ரியூசன்."

வகுப்பு முழுக்கச் சிரிச்சுது. பிள்ளையும் சிரிச்சாள். எனக்கு முகம் சுட்டுது. வகுப்பு முடிய நான் போய் எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஸில கேட்டன், அப்ப நான் என்ன செய்யோணும். அவ சொன்னா, மண்டபத்தைப் பூட்டிப்போட்டு ரெண்டு பேருமா வெளியில போங்கோ. எங்கையெண்டு யோசிக்க வேண்டாம். போங்கோ.

எங்கையெண்டு யோசிக்காமல் நான் என்ர சீவியத்தில எங்கையும் போனதில்லை. லொறி ஓடேக்கையும் சரி, இஞ்சை வரேக்கையும் சரி. அடுத்த கிழமை மண்டபத்தைப் பூட்டிப்போட்டு வாசலில நிண்டம். ஒரு பஸ் வந்துது, ஏறினம். மேல் தட்டில முன் சீற்றில இருந்தம். பஸ் கடைசியா நிக்கிற இடமட்டும் போனம். அங்கை ஒண்டும் இல்லை, ஒரு பஸ் டிப்போவும் ஒரு சிப்ஸ் கடையும். சிப்ஸ் வேண்டித் திண்டம். மழை பெய்தது. அதே பஸ்ஸில திரும்பி வந்தம். எனக்கு மனம் சரியில்லை, பிள்ளைக்குச் சொல்ல ஒண்டும் கிடைக்கேல்லை எண்டு.

அதுக்கடுத்த சனிக்கிழமை அவள் எழும்பினாள். நான் வாசலில. துவங்கினாள், ஒரு மாதிரித் தலையைச் சரிச்சுக் காட்டினாள், வாயைத் திறந்து காட்டினாள். பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிச்சுதுகள். செம்பட்டைத் தலைப் பெட்டை திரும்பி என்னைப் பாத்துச் சிரிக்கிறாள். மண் முடிஞ்சுது, இவள் நிப்பாட்டேல்லை.

"என்ன சொன்னனி?"

"நீங்கள் திரும்பி வரேக்கை பஸ்ஸில நித்திரையாகி, பக்கத்தில இருந்த வெள்ளைக்காரக் கிழவியின்ர தோளில சாஞ்சதை."

"நான் சாஞ்சனானோ?"

"அவ பேசாமல் இருந்தவ அப்பா. இறங்கேக்கை உங்கட தொப்பியைச் சரியாக்கிப்போட்டுப் போனவ."

அதுக்குப் பிறகு நாங்கள் விடேல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடியப் போவம். வீலுப் பூட்டின சப்பாத்துப் போட்டு ஓடுற இடத்தில நான் விழுந்து, குந்திற இடத்தில மூண்டு நாள் நோ. பூங்காவில படகு வலிச்சு, வட்டத்தில சுத்திச் சுத்தி, காவலுக்கு நிண்டவன் கயிறு போட்டு இழுத்தான். எல்லாம் வகுப்புக்குப் போச்சுது. நான் வாசலில நிப்பன். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் கையாலயும் முகத்தாலயும் எந்த இடம் வந்திட்டுதெண்டு எனக்குத் தெரியும். கயிறு இழுக்கிற இடத்தில நானும் சிரிப்பன்.

வீட்டில மட்டும் சரியில்லை. மனுசி ஷிப்ட் முடிஞ்சு வந்து கேப்பா, "இண்டைக்கு எங்கை?" நான் சொல்லுவன். அவ கோட்டைக் கழட்டிப்போட்டு அடுப்படிக்குப் போவா. ஒரு நாள் அவவுக்குத் தாங்கேல்லை.

"அங்கை சனம் பங்கருக்குள்ள கிடக்குது. என்ர அம்மா உயிரோட இருக்கிறாவோ எண்டு தெரியேல்லை. இஞ்சை நீங்கள் படகு விடுறியளோ?"

ஞாயமான கேள்விதானே. பிறகு சொன்னன், "நான் படகு விடாட்டி அங்கை ஷெல் நிக்குமெண்டால் சொல்லும், இண்டைக்கே நிப்பாட்டுறன். இந்தப் பிள்ளை அஞ்சு வயசில இருந்து ஓடி ஒளிச்சதுதான். அதை ஒருத்தரும் கேக்கேல்லை, அவளும் சொல்லேல்லை. இப்ப ஒரு மனுசி மினக்கெட்டுக் கேக்கிறா, போன கிழமை என்ன செய்தாயெண்டு. சொல்ல ஏதாவது இருக்கட்டுமே."

அயர்லாந்துக்குப் போற போமில ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கோணும். நான் வைச்சிட்டன். அவ வைக்கேல்லை. பொம்பிளைப் பிள்ளையை மூண்டு கிழமை கடல் தாண்டி விடமாட்டன் எண்டு சொல்லி, போமை சாமித்தட்டில விளக்குக்குக் கீழ வைச்சிட்டா. முதல் அவள் பாஸ் பண்ணட்டும், பிறகு பாப்பம் எண்டா.

இப்ப மீனுக்கு வாறன். மாசி மாசம், பல்லுக் கிட்டுற குளிர். டீச்சர் தன்ர அண்ணற்றை தூண்டிலைக் கொண்டுவந்து தந்தா, மீன் பிடிக்கிறதுக்குரிய அனுமதித் துண்டும் எடுத்துத் தந்தா. லீ ஆத்தங்கரையில போய் இருந்தம். அங்கை வெள்ளைக்காரர் குடைக்குக் கீழ, சின்னக் கதிரையில, பாணும் தேத்தண்ணியும் வைச்சுக்கொண்டு நாள் முழுக்க இருக்கிறாங்கள். எனக்கு அதிசயம். ரெண்டு மணித்தியாலம் ஒண்டுமில்லை. பிறகு தூண்டில் வளைஞ்சுது. பிள்ளை குழறினாள். நான் இழுத்தன். முழங்கையளவில ஒரு மீன், செட்டை சிவப்பா, வெள்ளியில செய்த மாதிரி. தூக்கிக் கடைப் பையுக்கை போட்டன்.

பக்கத்துக் குடைக்காரன் எழும்பி ஓடி வாறான், கையை ஆட்டிக்கொண்டு.

"என்ன பிள்ளை சொல்லுறான்?"

"திருப்பி விடட்டாம்."

"ஏன்? இவன்ர மீனோ?"

"இல்லையப்பா. எல்லாரும் பிடிச்சிட்டு விடுறதாம். இஞ்சை அப்பிடித்தானாம்."

"விடுறதெண்டால் பேந்து ஏன் பிடிக்கிறது? கேள் அவனை."

அவள் கேட்டாள். அவன் என்னைப் பாத்தான், மீனைப் பாத்தான், ஏதோ சொன்னான். "பிடிக்கிறதுக்காகத்தான் பிடிக்கிறதாம்" எண்டாள்.

என்ர தலைக்கை அது போகேல்லை. மூண்டு பேருக்குக் குழம்புக்குக் காணும் மீன். குளிருக்கை ரெண்டு மணித்தியாலம். நான் பையை இறுக்கிப் பிடிச்சன். பைக்குள்ள அது துடிக்குது. பிள்ளை மெல்லமாச் சொன்னாள், "விடுங்கோ அப்பா. கறிக்கெண்டு வந்தால் அதுவும் வேலைதானே." அந்தச் சொல்லு எனக்குப் பிடிச்சிட்டுது. குனிஞ்சு, தண்ணிக்குள்ள பையைச் சரிச்சு விட்டன். ஒரு நிமிசம் அப்பிடியே நிண்டுது, பிறகு வாலை அடிச்சுக்கொண்டு போச்சுது. குடைக்காரன் வந்து கை தந்தான். ஈரக் கை.

ஆனால் வீட்டை வெறுங்கையோட போக எனக்கு வெக்கம். காலமை மனுசிக்கு வீரம் பேசிப்போட்டு வந்தனான், இண்டைக்கு மீன் கொண்டுவாறன், புளியைக் கரைச்சு வையும் எண்டு. வழியில மார்க்கெட்டில இறங்கி ரெண்டு கும்பளா மீன் வேண்டினன். பிள்ளைக்குச் சொன்னன், "அம்மாக்குச் சொல்லாதை. ஆத்து மீன் எண்டு சொல்லு." அவள் என்னைப் பாத்தாள். மனுசியின்ர கையில பையைக் குடுத்துப்போட்டு மேல போய் உடுப்பு மாத்தினன். அவ கழுவினா, காய்ச்சினா. நல்ல ருசி. ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டன். "ஆத்து மீன் எண்டபடியால்தான் இந்த ருசி" எண்டும் சொன்னன்.

ஆனி மாசம் சோதினைக்குரிய மனுசன் வந்தார். வயசு போனவர், கழுத்துப்பட்டி கட்டி, கையில தடியோட. பின்னறையில டீச்சரும் அவரும் இருந்திச்சினம். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. பிள்ளையள் ஒவ்வொண்டாப் போய் வந்துதுகள். நான் துடைச்ச இடத்தையே திருப்பித் திருப்பித் துடைச்சுக்கொண்டு நிண்டன்.

என்ர பிள்ளை போனாள். மண்போத்தலைக் கவுட்டு வைக்கிற சத்தம் கேட்டுது. துவங்கினாள். தூண்டில் வந்துது. கை ரெண்டையும் அகட்டினாள், மீன் வந்துது. பை வந்துது. கிழவர் சிரிக்கிற சத்தம் கேட்டுது. எனக்கு மூச்சு வந்துது. முதல் மண் முடிஞ்சுது, ரெண்டாந்தரம் கவுட்டினம்.

அந்த நேரம் கிழவர் ஏதோ ஒண்டு கேட்டார். சின்னக் கேள்வி. பிள்ளை நிண்டிட்டாள்.

நான் கதவிடுக்கால பாக்கிறன். மண் விழுகுது. பிள்ளை நிலத்தைப் பாக்கிறாள். டீச்சர் வாயில கையை வைச்சுக்கொண்டு இருக்கிறா, ஆனால் ஒரு சொல்லும் சொல்லேல்லை. பாதி மண் போட்டுது. ஒரு வருசம். பஸ், படகு, குளிர், மனுசியோட சண்டை, எல்லாம் அந்த மண்ணோட சேந்து கீழ போகுது. உள்ள போய்ச் சொல்லலாமெண்டால் எனக்கு அந்தப் பாஷையில ஒரு சொல்லுத் தெரியாது. நான் செய்யக்கூடியது நிக்கிறது மட்டும்தான். நிண்டன். அவள் நிமிந்தால் என்னைக் காணட்டும் எண்டு கதவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு நிண்டன்.

அவள் நிமிந்தாள். கண்டாள். பிறகு துவங்கினாள், மெல்லமா. நான் பாக்கிறன், இது எனக்குத் தெரியாத கதை. பையைத் திறக்கிற மாதிரிக் காட்டினாள். மூடிற மாதிரிக் காட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கிற மாதிரிக் காட்டினாள். கிழவர் தடியால நிலத்தில தட்டித் தட்டிச் சிரிக்கிறார். டீச்சர் கண்ணைத் துடைக்கிறா. மண் முடிஞ்சும் கதை முடியேல்லை.

பஸ்ஸில ஏறின உடன கேட்டன், "அவர் என்ன கேட்டவர்?"

"உன்ர அம்மா சொந்த நேரத்தில என்ன செய்யிறவ எண்டு."

ஒரு வருசமா நான் அதை யோசிக்கேல்லை.

"பேந்து என்ன சொன்னனி?"

"அம்மாக்குச் சொந்த நேரம் இல்லை எண்டு சொன்னன். ஆனால் ஒரு நாள் ஒரு நிமிசம் இருந்தது எண்டு. அண்டைக்கு நீங்கள் மேல உடுப்பு மாத்தப் போட்டியள். அம்மா பையைத் திறந்து பாத்திட்டு என்னைப் பாத்தவ. 'உன்ர கொப்பர் ஆத்தில கும்பளா பிடிச்சிருக்கிறார், குடலும் எடுத்து' எண்டு சொல்லிப்போட்டு, சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சவ அப்பா. சிங்க்கைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவ. சத்தம் கேட்டால் நீங்கள் வெக்கப்படுவியள் எண்டு. இஞ்சை வந்த பிறகு அம்மா தனிய நிண்டு சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் கண்டனான்."

கும்பளா கடல் மீன். கடற்கரையில பிறந்து வளந்த பொம்பிளைக்கு நான் ஆத்து மீன் எண்டு கடல் மீனைக் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறன். மூண்டரை மாசம் ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

வீட்டை போனம். மனுசி ஷிப்டால வந்து சப்பாத்துக் கழட்டிக்கொண்டிருந்தா. பிள்ளை பாஸ் எண்டு டீச்சர் அப்பவே சொல்லிவிட்டவ. நான் அதைச் சொன்னன். அவர் என்ன கேட்டவர், பிள்ளை என்ன சொன்னவள் எண்டதையும் சொன்னன். ஒண்டும் மறைக்கேல்லை.

மனுசி கழட்டின சப்பாத்தைக் கீழ வைச்சா. "என்ர சிரிப்பைக் கொண்டுபோய் அயர்லாந்துக்காரனுக்கு வித்துப்போட்டியே" எண்டு பிள்ளையைப் பாத்துச் சொன்னா. பிறகு எழும்பிப்போய் சாமித்தட்டில விளக்கை அரக்கி, போமை எடுத்தா. எண்ணெய் பட்டு ஒரு மூலை மஞ்சளாப் போச்சுது. கையெழுத்து வைச்சா.

"வாற சனிக்கிழமை நான் லீவு கேக்கப் போறன்" எண்டா. "இவர் எப்பிடி மீனைத் திருப்பி விடுறாரெண்டு பாக்கோணும்."

வந்தவ. ஆனி மாசத்திலயும் கோட்டுக்கு மேல போர்வை போட்டுக்கொண்டு, புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தவ. அண்டைக்கு ஒரு மீனும் பிடிபடேல்லை. குடைக்காரனுக்கும் ஒரு பிடி புட்டுக் குடுத்தா. அவன் உறைப்பில அழுதுகொண்டு திண்டான். அவவின்ர தாயைப் பற்றின செய்தி கிடைக்க இன்னும் ரெண்டு மாசம் இருந்தது, நல்ல செய்திதான். ஆனால் அது தெரியாத நாளிலதான் அவ அந்த ஆத்தங்கரையில இருந்தவ. அதை நான் பெருசா நினைக்கிறன்.

பிள்ளை மூண்டு கிழமை போய் வந்தாள். தொண்ணூறுகளிலயும் கனகாலம் அந்த வகுப்பு நடந்தது. பிறகு டீச்சர் வேலையால நிண்டு தன்ர ஊருக்குப் போகேக்கை மண்போத்தலை என்னட்டைத் தந்திட்டுப் போனா. இந்தா, யன்னல் கரையில இருக்குது. மூண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும், பழசாப் போச்சு.

உங்களிட்டை ஒரு உதவி. நீங்கள் மகள் இருக்கிற ரெய்னர்ஸ் லேன் பக்கம் போறனீங்கள். என்ர மகளைக் கோயிலில காணுவியள், இப்ப அவளுக்கு ரெண்டு பிள்ளையள். அவளின்ர அடுப்படியில பிரிட்ஜ் கதவில ஒரு பேப்பர் ஒட்டியிருக்குது, திங்கள் கணக்கு, செவ்வாய் நீச்சல், புதன் வயலின், ஞாயிறு வரைக்கும் ஒரு பெட்டியும் வெறுமையில்லை. நான் சொன்னால், "அப்பா, இப்பத்தையான் படிப்பு உங்களுக்கு விளங்காது" எண்டுவாள். நீங்கள் சொன்னால் கேப்பாள். இந்த மண்போத்தலைக் கொண்டுபோய்க் குடுங்கோ. மூத்தவனை நிப்பாட்டி, போன கிழமை உன்ர சொந்த நேரத்தில என்ன செய்தனி எண்டு கேட்டுப்போட்டு, மண் முடியுமட்டும் அவள் வாய் திறக்காமல் இருக்கட்டாம் எண்டு நான் சொன்னதாச் சொல்லுங்கோ.